கட்டற்ற மென்பொருள் மாநாட்டுக்குப் போவதா, வேண்டாமா? செட்டிநாட்டுப் பங்களிப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ புதுவயலிலோ உட்கார்ந்துகொண்டே உலகம் முழுக்கப் பயன்படும் கட்டற்ற மென்பொருள்களுக்கு, அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை உள்ள மென்பொருள்களுக்கு, பங்களிக்க முடியும். நிரல் எழுதலாம், பிழை அறிவிக்கலாம், தமிழாக்கம் செய்யலாம். மடிக்கணினியும் இணைய இணைப்பும் போதும். ஓராண்டு, ஈராண்டு இப்படிப் போன பிறகு ஒரு கேள்வி வரும்: அந்தத் திட்டத்தின் ஆண்டு மாநாட்டுக்கு நானும் போகலாமா? எனக்கு அந்தக் கேள்வி வந்தபோது பதில் சொல்ல ஊரில் ஆள் இல்லை. பாஸ்போர்ட், வங்கி, விசா மையம், உதவித்தொகைப் படிவம் என்று ஒவ்வோர் இடத்திலும் அலைந்துதான் ஒவ்வொன்றையும் தெரிந்துகொண்டேன். அடுத்துப் போகிறவர் அப்படி அலையக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எப்படிப் போவது என்பதற்கு விடை எங்கேயும் கிடைக்கும். போவதா என்பதற்குத்தான் கிடைக்காது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். முதல் மூன்று படிகளிலேயே "இந்த ஆண்டு வேண்டாம்" என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதனால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

1. அங்கே யார் வருகிறார்கள் என்று பாருங்கள்

நிகழ்ச்சி நிரலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஆண்டுதோறும் ஜனவரி இறுதியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ ஒரு சனி, ஞாயிறில் நடக்கிறது கட்டற்ற மென்பொருளுக்கான ஃபாஸ்டெம் மாநாடு. அதன் உரைகள் நேரலையாக வருகின்றன. பதிவுகளும் பிறகு கிடைக்கின்றன. டெபியன் என்ற கட்டற்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் திட்டத்தின் டெப்கான்ஃப் மாநாடும் அப்படியே. உரை கேட்பது மட்டுமே நோக்கம் என்றால் உங்கள் வீட்டு மாடியிலேயே கேட்கலாம். ஃபாஸ்டெமில் அறை நிரம்பிவிட்டால் உள்ளே விடமாட்டார்கள்; அவ்வளவு தூரம் போயும் கதவுக்கு வெளியே நிற்க நேரும்.

நேரில் போனால் மட்டுமே கிடைப்பவை வேறு. மாதக்கணக்கில் பதிலே இல்லாமல் கிடக்கும் உங்கள் நிரல் திருத்தத்தை, அதைப் பரிசீலிக்க வேண்டியவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். ஒரு செயலியில் தமிழ்க் கூட்டெழுத்து உடைந்து தெரிவதை எழுதிப் புரியவைக்க முடியாமல் தவித்திருப்பீர்கள். திரையைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். டெபியனில் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே உறுப்பினராக விரும்புகிறவருடைய ஜிபிஜி சாவியில் (இணையத்தில் இவர் இன்னார் என்று உறுதிசெய்யும் மின்னணுச் சாவி), ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவர்கள் கையொப்பமிட வேண்டும். அடையாள ஆவணத்தை நேரில் பார்த்துக் கையொப்பமிடுவதே நெடுநாள் வழக்கம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடிப்பது கடினம். மாநாட்டில் பலர் ஒரே இடத்தில் இருப்பார்கள்.

ஆகவே ஒரு தாளை எடுத்து, அந்த மாநாட்டுக்கு வரக்கூடியவர்களில் உங்களோடு ஏற்கெனவே வேலை செய்திருப்பவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவரோடு உட்கார்ந்து முடிக்க வேண்டிய வேலையை எழுதுங்கள். அவர் வருகிறாரா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். மூன்று பெயரும் மூன்று வேலையும் தேறினால் அடுத்த படிக்குப் போகலாம். ஒன்றும் தேறவில்லை என்றால் மாநாடு எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் அது இப்போது உங்களுக்கானது அன்று. கூட்டத்தின் நடுவே இரண்டு நாள் தனியாகச் சுற்றிவிட்டுத் திரும்ப நேரும். இதை நான் உறுதியாகச் சொல்கிறேன்.

2. பக்கத்தில் நடப்பதற்கு முதலில் போய்வாருங்கள்

வெளிநாடு போகும்முன் உள்நாட்டு மாநாடு ஒன்றையாவது பார்த்துவிடுங்கள். ஃபாஸ் யுனைடெட் அமைப்பு நடத்தும் இந்தியாஃபாஸ் அண்மை ஆண்டுகளில் பெங்களூரில் நடக்கிறது. பைதான் நிரல்மொழிக்கான பைகான் இந்தியா மாநாடு ஊர் மாறும்: 2019இல் சென்னை, 2023இல் ஹைதராபாத், 2024இல் பெங்களூரு. 2023 ஜனவரியில் டெபியனின் சிறு மாநாடு ஒன்று விழுப்புரத்திலேயே நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் டெப்கான்ஃப் உலக மாநாடே கொச்சிக்கு வந்தது. நம் பக்கத்து ஆட்கள் பாஸ்போர்ட் இல்லாமலே போய்வரக்கூடிய வாய்ப்பு அது. அப்படிப்பட்ட வாய்ப்பு மறுபடி வந்தால் விடாதீர்கள். விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழுவும் சென்னையில் கணியம் அறக்கட்டளையைச் சுற்றியுள்ள நண்பர்களும் புதியவர்களை அன்போடு சேர்த்துக்கொள்கிறவர்கள். அவர்களைச் சந்தித்தால் எந்த மாநாடு யாருக்கு ஏற்றது என்று நேரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

செலவும் குறைவு. சென்னைக்குப் பல்லவன் ரயில் இருக்கிறது. பெங்களூருக்குக் காரைக்குடியிலிருந்து இரவு பஸ் உண்டு. இல்லையென்றால் 2024 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கிய மதுரை–பெங்களூரு வந்தே பாரத் ரயிலைத் திருச்சியில் பிடிக்கலாம். அது காலை வண்டி என்பதால் முந்தைய இரவே திருச்சிக்குப் போய்விடுவது நிம்மதி. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மாநாட்டுத் தேதி அறிவித்ததும் அந்த நாளைக் கணக்கிட்டுக் குறித்துவையுங்கள்.

3. வீட்டு நாட்காட்டியோடு ஒப்பிடுங்கள்

இதை எந்த மாநாட்டுக் குறிப்பிலும் எழுதியிருக்க மாட்டார்கள். ஃபாஸ்டெம் நடக்கும் நாட்களை ஒட்டியே சில ஆண்டுகளில் தைப்பூசம் வரும். குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடைப்பயணம் போகும் குடும்பம் என்றால் அந்த வாரம் வீட்டில் நீங்கள் இல்லாதது பெரிய விஷயமாகும். தை மாதம் முகூர்த்த மாதமும்கூட. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு வராமல் பெல்ஜியம் போனவர் என்ற பேச்சு பல ஆண்டுகள் நிற்கும். டிக்கெட் வாங்கிய பிறகு வீட்டில் சொல்வது மிக மோசமான வழி. அப்பத்தா, ஐயா, பெரியப்பா என்று யாரெல்லாம் கேட்கக்கூடுமோ அவர்களிடம் தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள். "எதற்குப் போகிறாய், யார் சம்பளம் தருகிறார்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஊதியம் இல்லாத வேலைக்கு இவ்வளவு தூரமா என்ற வியப்பு அவர்களுக்கு இருப்பது நியாயம். முதல் படியில் எழுதிய தாளைக் காட்டி, இன்னாரோடு இன்ன வேலையை முடிக்கப் போகிறேன் என்று சொல்லுங்கள். வேலை என்று சொன்னால் நம் வீடுகளில் புரிந்துகொள்வார்கள்.

வேலையில் இருப்பவர்கள் விடுப்பையும் இப்போதே கேட்டுவிடுங்கள். மாணவர்கள் பருவத்தேர்வுத் தேதியைப் பாருங்கள்.

4. பாஸ்போர்ட்டை முடிவுக்கு முன்பே எடுத்துவையுங்கள்

போவதா என்று தீர்மானிக்காவிட்டாலும் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். சாதாரண முறையில் 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தத்கால் என்றால் 3,500 ரூபாய். வயது வந்தோருக்குப் பத்தாண்டு செல்லும். எந்த மாநாட்டுக்கும் போகாவிட்டாலும் அது வீணாகாது.

செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடப்பதால் இங்கே ஒரு குழப்பம் உண்டு. சிவகங்கை மாவட்டம் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. புதுக்கோட்டை மாவட்டம் திருச்சியின் கீழ் வருகிறது. விண்ணப்பத்தை எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று விதி தளர்ந்துவிட்டது. ஆனால் காவல்துறை விசாரணை படிவத்தில் எழுதிய தற்போதைய முகவரிக்குத்தான் வரும். ஆதாரில் கானாடுகாத்தான் பூர்வீக வீட்டு முகவரி, குடியிருப்பதோ காரைக்குடி வாடகை வீடு என்று இருப்பவர்கள் நம்மில் ஏராளம். பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் முகவரியை எழுதினால் விசாரணைக்கு வருகிறவர் பூட்டைப் பார்த்துவிட்டுப் போவார். நீங்கள் உண்மையில் வசிக்கும் முகவரிக்கு ஆதாரை முதலில் மாற்றுங்கள். அதன் பிறகு விண்ணப்பியுங்கள். எடுத்துச் செல்ல வேண்டிய முக்கிய அசல்கள் இரண்டு: ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்.

ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தால் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, நீங்கள் அந்தப் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். பத்தாண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். இரண்டு பக்கம் வெற்றாக இருக்க வேண்டும். ஆறு மாதம் மிச்சம் கேட்கும் நாடுகளும் உள்ளன. ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் புதுப்பித்துக்கொண்டே கிளம்புங்கள்.

5. பெயர்: நம் பக்கத்தவர்கள் அதிகம் சிக்கும் இடம்

இந்தப் படியில் கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

நம் ஊரில் பெயருக்கு முன்னால் நான்கைந்து முதலெழுத்துகள் வரிசையாக நிற்கும். வீட்டுப் பெயர், பாட்டனார் பெயர், தந்தை பெயர் எல்லாம் அதில் அடக்கம். மதிப்பெண் சான்றிதழில் ஒரே ஒரு முதலெழுத்து இருக்கும். ஆதாரில் அதுவும் இல்லாமலிருக்கும். வங்கிக் கணக்கில் முதலெழுத்து பின்னால் போயிருக்கும். பாஸ்போர்ட்டில் முதலெழுத்துகளை விரித்து எழுதச் சொல்வார்கள்; குடும்பப் பெயர் என்றொரு கட்டமும் இருக்கும். இது போதாதென்று, திட்டத்தில் எல்லோரும் உங்களை அறிவது ஒரு புனைபெயரால்.

விசா அதிகாரி பார்ப்பது பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை மட்டும். அழைப்புக் கடிதம், விமான டிக்கெட், தங்குமிடப் பதிவு, காப்பீடு, வங்கி அறிக்கை ஐந்திலும் அதே பெயர், அதே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். மாநாட்டுப் பதிவுப் படிவத்தில் அட்டையில் அச்சிட வேண்டிய பெயரையும் சட்டப்படியான பெயரையும் தனித்தனியாகக் கேட்டால் முதலாவதில் புனைபெயரைப் போடலாம். இரண்டாவதில் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்தெழுத்தாக எழுதுங்கள். தனித்தனிக் கட்டம் இல்லாவிட்டால் ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி, அழைப்புக் கடிதம் பாஸ்போர்ட் பெயரில்தான் வேண்டும் என்று கேளுங்கள். அத்துடன், அந்தப் புனைபெயரில் பங்களிப்பவர் இவரே என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் பங்களிப்புகளைக் காட்டும் பக்கத்தை அச்செடுத்து இணைக்கும்போது அந்த வரி பெரிதும் உதவும்.

புதிதாகப் பாஸ்போர்ட் எடுப்பவர் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். தந்தை பெயரையாவது அதில் போடுங்கள். ஒற்றைப் பெயர் உள்ள பாஸ்போர்ட்டோடு டிக்கெட் எடுப்பதிலிருந்து எல்லாமே இழுபறியாகும்.

6. உதவித்தொகைக்கு எழுதுங்கள்

பல திட்டங்கள் பங்களிப்பாளர்களின் பயணச் செலவை ஏற்கின்றன. டெப்கான்ஃபில் உணவு, தங்குமிடம், பயணம் என்று தனித்தனியாகக் கேட்கலாம். லினக்ஸ் கணினிகளுக்கான பணித்திரைகளை உருவாக்கும் க்னோம் அறக்கட்டளையும் கேடிஇயும் தங்கள் பங்களிப்பாளர்களுக்குப் பயண உதவி தந்திருக்கின்றன. பைகான் இந்தியாவிலும் நிதியுதவி உண்டு. கேட்பது பிச்சை அல்ல; அந்தப் பணம் உங்களைப் போன்றவர்கள் வர வேண்டும் என்றுதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

விண்ணப்பத்தில் இரண்டு கேள்விகள் கட்டாயம் இருக்கும்: இதுவரை என்ன செய்தீர்கள்? வந்தால் என்ன செய்வீர்கள்? "கற்றுக்கொள்ள ஆவலாக உள்ளேன்" என்று எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள். முதல் படியில் எழுதிய தாள் இப்போது கைகொடுக்கும். இன்ன மென்பொருள் தொகுப்பைப் பராமரிக்கிறேன், இன்ன பிழையைச் சரிசெய்தேன், இன்னாரோடு உட்கார்ந்து இந்த வேலையை முடிக்கத் திட்டம் என்று எழுதுங்கள். தமிழாக்கம் செய்பவர்கள், இது நிரல் இல்லையே என்று தயங்கக் கூடாது. பல கோடிப் பேர் பேசும் ஒரு மொழிக்கான வேலை அது. எத்தனை சரங்கள் (மென்பொருளில் தெரியும் சொற்களும் தொடர்களும்) மொழிபெயர்த்தீர்கள், எவற்றைத் திருத்தினீர்கள் என்று கணக்கோடு காட்டுங்கள்.

தொகையைக் கேட்கும்போது காரைக்குடியிலிருந்து விமான நிலையம் வரையிலான செலவையும், விசா மையத்துக்காகச் சென்னை போய்வரும் செலவையும் சேர்க்கலாமா என்று கேளுங்கள். பெருநகரத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் செலவே இல்லை. ஆகவே அவர்களுக்கு இது தோன்றாது. நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

இரண்டு எச்சரிக்கைகள். உதவித்தொகைக்கான கடைசி நாள் மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே வந்துவிடும். நிகழ்ச்சி நிரல்கூட அப்போது வெளியாகியிருக்காது. அடுத்தது, உதவித்தொகை அறிவித்த பிறகு குறித்த நாளுக்குள் "ஏற்கிறேன்" என்று நீங்கள் தெரிவிக்க வேண்டும். டெப்கான்ஃபில் அந்த நாள் தவறினால் ஒதுக்கிய பணம் அடுத்தவருக்குப் போய்விடும். மின்னஞ்சலை நாள்தோறும் பாருங்கள். ஸ்பேம் பகுதியையும் சேர்த்து.

7. வரவும் செலவும் எழுதிப் பார்த்து, இப்போது முடிவெடுங்கள்

ஐந்தொகை எழுதுவது நம் மண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உட்கார்ந்து எழுதுங்கள். விமானக் கட்டணம், உள்ளூர்ப் போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு, விசாக் கட்டணம், விசா மையத்தின் சேவைக் கட்டணம், காப்பீடு, சென்னைப் பயணம், குளிர் உடை, விடுப்பால் போகும் சம்பளம். கடைசி இரண்டையும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். மாநாட்டுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதால் செலவு குறைவு என்று நினைக்க வேண்டாம். ஃபாஸ்டெமுக்கு நுழைவு இலவசம். பிரஸ்ஸல்ஸில் தங்குவது இலவசமில்லை.

மிக முக்கியமானது இது: பெரும்பாலான பயண உதவிகள் பயணம் முடிந்த பிறகே கைக்கு வரும். ரசீது அனுப்பி, அவர்கள் சரிபார்த்து, வெளிநாட்டிலிருந்து பணம் வந்து சேர வாரங்கள் ஆகும். சில சமயம் மாதங்களும் ஆகும். அதுவரை அந்தப் பணத்தை நீங்கள்தான் போட்டிருக்க வேண்டும். வட்டிக்கு வாங்கிப் போகாதீர்கள். நகை அடகு வைக்காதீர்கள். நண்பர்களிடம் கைமாற்றாக வாங்கினாலும் மூன்று மாதத் தவணை சொல்லி வாங்குங்கள். சில அமைப்புகள் கேட்டால் தாங்களே டிக்கெட் எடுத்துத் தருவார்கள். முன்பணமாகப் போட முடியாத நிலையை ஒளிக்காமல் எழுதிக் கேளுங்கள். நல்ல அமைப்பு எதுவும் அதற்காக உங்களைக் குறைத்து மதிக்காது.

விசா மறுக்கப்பட்டால் விசாக் கட்டணத்தையும் டிக்கெட் ரத்துச் செலவையும் ஏற்பார்களா என்பதையும் இப்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் பேசித் தீர்ப்பது கடினம்.

நான் பின்பற்றும் அளவுகோல் இதுதான். உதவித்தொகை கிடைத்து, முன்பணம் கடன் இல்லாமல் கையில் இருந்து, தாளில் மூன்று பெயர் இருந்தால் போவேன். உதவித்தொகை இல்லை, ஆனால் மாநாடு இந்தியாவில் என்றால் என் பணத்தில் போவேன். உதவித்தொகையும் இல்லை, மாநாடு ஐரோப்பாவில் என்றால் போகமாட்டேன். நேரலையில் பார்ப்பேன், அந்தப் பணத்தை அடுத்த ஆண்டுக்கு வைப்பேன். படிக்கிற பிள்ளைகளுக்கு நான் இதைவிடக் கண்டிப்பாகச் சொல்வேன்: அப்பாவின் சேமிப்பை எடுத்து முதல் மாநாட்டுக்கு வெளிநாடு போகாதீர்கள்.

8. விசா

தாய்லாந்து, மலேசியா போன்ற நாடுகள் அண்மைக் காலத்தில் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்திருக்கின்றன. கட்டற்ற மென்பொருளுக்கான ஆசிய மாநாடுகளில் ஒன்றான ஃபாஸ்ஏசியா 2025இல் பாங்காக்கில் நடந்தது. முதல் வெளிநாட்டு மாநாட்டுக்கு இப்படிப்பட்ட இடமே உத்தமம். விலக்கு எப்போது வேண்டுமானாலும் மாறும்; டிக்கெட் வாங்கும் அன்று அந்தந்த நாட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் மறுபடி பாருங்கள். வருகைப் படிவத்தை இணையத்தில் முன்கூட்டியே நிரப்பச் சொல்வார்கள். அதற்குப் பணம் கேட்கும் போலித் தளங்கள் பல உள்ளன, ஏமாறாதீர்கள்.

ஐரோப்பா என்றால் ஷெங்கன் விசா. 2024 ஜூன் முதல் வயது வந்தோருக்குக் கட்டணம் 90 யூரோ. மறுத்தாலும் திரும்ப வராது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு கொடுத்தாக வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும். 45 நாள் வரை இழுக்கவும் விதி இடம் தருகிறது. இதில் உண்மையான தடை நேரம் பதிவதுதான். விண்ணப்ப மையத்தில் இடம் கிடைக்கவே பல வாரங்கள் ஆகலாம். பிப்ரவரி மாநாட்டுக்கு அக்டோபரிலேயே இடம் பார்க்கத் தொடங்குங்கள். ஜனவரி முதல் பாதியை நம்பாதீர்கள். பொங்கல் நெரிசலில் சென்னைக்கு ரயில் டிக்கெட்டே கிடைக்காது.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் இறங்கி பிரஸ்ஸல்ஸில் நான்கு நாள் தங்குகிறவர் பெல்ஜியத்திடம் கேட்க வேண்டும். வேறொரு நாட்டுக்கு நேரம் சீக்கிரம் கிடைக்கிறது என்று தரகர் ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை: விண்ணப்பப் படிவம், 35க்கு 45 மில்லிமீட்டர் அளவுப் புகைப்படம், பாஸ்போர்ட், போய்வரும் டிக்கெட்டின் முன்பதிவு, தங்குமிடப் பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, வங்கி அறிக்கை, வருமான வரித் தாக்கல், முதலாளியின் விடுப்புக் கடிதம் அல்லது கல்லூரியின் தடையின்மைச் சான்று, அழைப்புக் கடிதம், உதவித்தொகைக் கடிதம், எதற்காகப் போகிறேன் என்று நீங்களே எழுதும் ஒரு பக்கக் கடிதம். விசா வரும்முன் பணம் திரும்ப வராத டிக்கெட்டை வாங்காதீர்கள், முன்பதிவே போதும்.

ஃபாஸ்டெமுக்கு ஒரு தனிச் சிக்கல். அங்கே யாரும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அப்படியே உள்ளே போகலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் விசாவுக்குக் காட்ட நுழைவுச்சீட்டும் இருக்காது. உங்கள் உரை ஏற்கப்பட்டிருந்தால் அந்தக் கடிதத்தை வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் திட்டத்தின் அமைப்பிடம் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

வங்கி அறிக்கையில் நம் பக்கத்துத் தவறு ஒன்று உண்டு. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மாமாவிடமிருந்து ஒரு பெரிய தொகை கணக்கில் வந்து உட்கார்ந்தால் அதிகாரிக்குச் சந்தேகம்தான் வரும். மூன்று நான்கு மாதமாகச் சீராக ஓடும் கணக்கு, தொகை குறைவாக இருந்தாலும், அதைவிட மேல். பெற்றோர் செலவை ஏற்கிறார்கள் என்றால் அதை வெளிப்படையாக ஒரு கடிதத்தில் எழுதி, அவர்களுடைய வங்கி அறிக்கையையும் வரித் தாக்கலையும் இணையுங்கள். பூர்வீக வீட்டுப் பத்திரத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம்; பல பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டில் உங்கள் பங்கு என்ன என்று அந்த மேசையில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

முன்பு ஏதேனும் விசா மறுக்கப்பட்டிருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். லண்டன் வழியாகப் போகும் டிக்கெட் மலிவாக இருந்தால், பிரிட்டனுக்குத் தனியாக இடைநிறுத்த விசா வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

9. சென்னைக்கு ஒரு நாள், விமான நிலையத்துக்கு ஒரு நாள்

பல்லவன் அதிகாலையில் காரைக்குடியிலிருந்து கிளம்பினாலும் எழும்பூர் சேர மதியம் ஆகிவிடும். ஆகவே சென்னை விசா மையத்தில் காலை நேரம் பதிந்திருந்தால் ராமேஸ்வரத்திலிருந்து நம் ஊர் வழியாக வரும் இரவு ரயிலில் போங்கள். வேலை காலையில் முடிந்தால் பிற்பகல் பல்லவனில் ஏறி அன்றிரவே வீடு திரும்பலாம். சென்னையில் அறை எடுக்கும் செலவு மிச்சம். அசல்களையும் நகல்களையும் ஒரே கோப்பில் வைக்காமல் தனித்தனியாக வையுங்கள். விரல் ரேகை கொடுக்க நேரில் போயே ஆக வேண்டும். வேறொருவரை அனுப்ப முடியாது.

விமானத்துக்குத் திருச்சியா மதுரையா என்று கேட்டால் நான் திருச்சி என்பேன். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு என்று அங்கிருந்து நேரடி விமானங்கள் உள்ளன. இன்னொரு வசதி, திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகப் போகும் பஸ் அதைத் தாண்டித்தான் ஊருக்குள் போகும். நடத்துநரிடம் முன்பே சொல்லிவைத்து அங்கேயே இறங்கிக்கொள்ளலாம். மதுரையில் மாட்டுத்தாவணியில் இறங்கி, நகரைக் கடந்து தெற்கே போக வேண்டும்.

10. பெட்டியில் வைப்பது

பிப்ரவரி பிரஸ்ஸல்ஸ் உறைநிலையை ஒட்டிய குளிர், மழையும் இருக்கும். காரைக்குடிக் கடைகளில் அதற்கேற்ற மேலாடை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். வெளிநாடு போய்வந்தவர்களிடம் இரவல் கேளுங்கள். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது போய்வந்திருப்பார்கள்.

டெப்கான்ஃபில் ஒரு மாலை, ஒவ்வொருவரும் தம் ஊர்த் தின்பண்டத்தைக் கொண்டுவந்து பகிர்வது வழக்கம். தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம் எல்லாம் பல நாள் தாங்கும், நன்றாகவே விலைபோகும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை. பால்கோவாவையும் நெய்யையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தேன்குழலை எண்ணெயில் சுடச் சொல்லுங்கள்.

ஜிபிஜி சாவியின் கைரேகை எனப்படும் அடையாள எண்ணை அச்சடித்த துண்டுச்சீட்டுகளை டெபியன்காரர்கள் மறக்க வேண்டாம். அச்சிடும்போதே பாஸ்போர்ட் பெயரும் அதில் இருக்கட்டும்.

11. திரும்பிய வாரத்திலேயே பணத்தைக் கேளுங்கள்

விமானம் ஏறும்போது தரும் போர்டிங் பாஸைத் தூக்கியெறியாதீர்கள். பல அமைப்புகள் அதையும் கேட்கும். ஒவ்வொரு ரசீதையும் கிடைத்த அன்றே கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். உள்ளூர்ப் பயண முகவரிடம் டிக்கெட் எடுத்தால் துண்டுச்சீட்டில் எழுதித் தருவதை ஏற்காமல், உங்கள் பெயரும் வரி எண்ணும் உள்ள முறையான விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து பணம் வர உங்கள் கிளையின் ஐஎஃப்எஸ்சி எண் மட்டும் போதாது. ஸ்விஃப்ட் எண்ணும் வேண்டும். சிறிய கிளைகளுக்குச் சொந்தமாக ஸ்விஃப்ட் எண் இருக்காது. எந்தக் கிளை வழியாக வரும் என்று மேலாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் வந்ததும் என்ன காரணத்துக்கான வரவு என்று வங்கி கேட்கும். உதவித்தொகைக் கடிதத்தின் நகலைக் கொடுத்தால் விடுவிப்பார்கள். இடையிலுள்ள வங்கிகள் கழிக்கும் தொகையால் நீங்கள் கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும். அந்தக் கழிவை ஏற்பார்களா என்று அமைப்பிடம் கேட்கலாம், சிலர் ஏற்கிறார்கள்.

ரசீதுகளை அனுப்பும் மின்னஞ்சலிலேயே, போன இடத்தில் முடித்த வேலைகளை நான்கு வரியில் எழுதி இணைத்துவிடுங்கள். பல அமைப்புகள் இப்படி ஓர் அறிக்கை வந்த பிறகே பணத்தை அனுப்புகின்றன. அடுத்த ஆண்டு உங்கள் ஊரிலிருந்து இன்னொருவர் விண்ணப்பிக்கும்போது அவருக்குச் சாதகமாக நிற்பதும் அந்த நான்கு வரிதான்.